நமக்கும் இலங்கைக்கும் நடுவில்

படிக்காதவர்கள் தப்பு செய்வதற்கும் படித்தவர்கள் தப்பு செய்வதற்கும் ஒரு வித்தியாசம்தான். படித்தவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்வார்கள். நான் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன்.

கலா கைக்குழந்தையாக இருந்தபோது நான் பி.எட். சேர்ந்தேன். தினமும் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு பஸ். உலக மக்களிடையே நல்லுணர்வை வளர்ப்பதில் ஆசிரியரின் பங்கு என்று ஒரு பாடப்பகுதி இருந்தது. மற்றவர்கள் அதைப் பரீட்சைக்காகப் படித்தார்கள். நான் நம்பியே படித்தேன். "வகுப்பறை ஒரு சிறிய உலகம்" என்று நான் எழுதிய கட்டுரையைப் பேராசிரியை வகுப்பில் உரக்க வாசித்தார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டு வந்ததே எனக்குத் தெரியவில்லை. (பாடாலூர் தாண்டியபோது ஒரு பாட்டியின் கூடைமேல் சாய்ந்து, "ஏம்மா, முட்டை இருக்குது!" என்று திட்டு வாங்கியபோதுதான் தரைக்கு வந்தேன்.)

வீட்டிலும் என் உலகப் பார்வை பொங்கி வழிந்தது. சோறு போடும்போது ஜப்பான்காரர்கள் குச்சியால் சாப்பிடுவதைச் சொல்வேன். என் கணவர் பொறுமைசாலி.

"சரி வசந்தா, ரசம் குடிக்கறப்ப என்ன பண்ணுவாங்க?" என்பார்.

அது பாடத்தில் இல்லை.

கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தவறினால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. ஒரு வருஷம் வீண். கலாவை நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் படிக்கப் போனதற்கு உறவினர் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும். எனக்கு அந்த பயம்தான் பெரிது.

அரியலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு. பாடம், இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள். துணைக்கருவியாகப் படம் வேண்டும். என் கணவர் நன்றாக வரைவார். ஆனால் அவரும் திருச்சியைத் தாண்டியவரில்லை.

"கூடைய எங்க வெச்சுக்கிட்டுப் பறிப்பாங்க?" என்றார்.

"வேற எங்கங்க? இடுப்புலதான்."

குடம் சுமக்கிற தன் தங்கையை மனதில் வைத்து, இடுப்பில் கூடையோடு ஒரு பெண்ணை அழகாக வரைந்தார். பின்னால் வெறிச்சென்று இருக்கிறது என்று இரண்டு பனைமரமும் போட்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்தது ஒத்திகை. பயிற்சி ஆசிரியர்கள் எல்லாரும் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. முதல் வரிசையில் ஆறு பேரைப் பிடித்து ஆளுக்கொரு பதிலை உருப்போட வைத்தேன். முதல் கேள்விக்கு முதல் பையன், இரண்டாவதற்கு இரண்டாவது பெண், இப்படி. ஒன்று, தெற்கே உள்ள தீவு எது? இலங்கை. இரண்டு, மலைச்சரிவில் விளைவது என்ன? தேயிலை. மூன்று, கொழுந்து பறிப்பவர்கள் யார்? பெண்கள். நான்கு, நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது என்ன? கடல். ஐந்து, உலக மக்கள் நமக்கு யார்? சகோதர சகோதரிகள். ஆறு, அவர்களை எப்படி நடத்த வேண்டும்? அன்பாக. இந்த ஆறாவது ஆறுமுகத்துக்கு. கேள்வியே காதில் விழாத அளவுக்குப் பதிலை உருப்போட்டு வைத்திருந்தான்.

அந்த வகுப்பில் யோகேஸ்வரி என்று ஒரு பெண், புதிதாகச் சேர்ந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்த குடும்பம். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார். அவள் பேச்சு வேறு மாதிரி இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒத்திகையின்போது கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கினாள்.

"டீச்சர், அந்தக் கூடை..."

"கேள்வி நான்தான் கேக்கணும். உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள்.

தேர்வு நாள் காலையில் நாத்தனாருக்குக் காய்ச்சல். கணவருக்கு ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன். ஒன்றேகால் வயதுக் கலாவை இடுப்பிலும், சுருட்டிய படத்தைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினேன். கலா என்னை விட்டால் அழுவாள். பள்ளி ஆயா, "குடுங்க டீச்சர், நான் வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. ஒத்திகையில் கை தூக்கிய ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். தேர்வாளர் முன்னாலும் தூக்கிவிட்டால்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"யோகேஸ்வரி, பாப்பாவ வேப்பமரத்தடியில கொஞ்சம் வெச்சுக்கறியா? உனக்குத்தான் இந்தப் பாடமெல்லாம் தெரியுமே."

"சரிங்க டீச்சர்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பின்னால் அமர்ந்தார். முதல் கேள்வி, இலங்கை. இரண்டாவது, தேயிலை. அப்போது வெளியே "ம்மா!" என்று கலா வீறிட்டாள். பால் கொடுக்கும் தாய்க்கு அந்தச் சத்தம் கேட்டால் மூளை அந்தப் பக்கம் போய்விடும். கையில் குச்சி இருந்தது, வாயில் கேள்வி இருந்தது. மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டு நான்காவதைக் கேட்டுவிட்டேன்.

"நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது என்ன?"

மூன்றாவது பையன் எழுந்தான். "பெண்கள், டீச்சர்!"

தேர்வாளரின் பேனா நின்றது. நான் அப்போதே சிரித்துவிட்டு, "சரியாக் கேளுடா" என்று சமாளித்திருக்கலாம். (கெட்டிக்காரி அதைத்தான் செய்திருப்பாள்.) நான் அடுத்ததற்கு ஓடினேன்.

"உலக மக்கள் எல்லாரும் நமக்கு யார்?"

"கடல், டீச்சர்!"

"அ... அவர்களை எப்படி நடத்த வேண்டும்?"

"சகோதர சகோதரிகள், டீச்சர்!"

கேள்விகள் தீர்ந்துவிட்டன. ஆறுமுகம் மட்டும் தன் முறைக்காக பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தேர்வாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு வெளியே போனார். திரும்பி வரும்போது பின்னால் யோகேஸ்வரி வந்தாள். அழுகையை நிறுத்திய கலா அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"எந்த வகுப்பும்மா நீ?"

"இதே வகுப்புதான் சார்."

"பின்ன ஏன் வெளிய நிக்கிற?"

"டீச்சர் பாப்பாவ வெச்சுக்கச் சொன்னாங்க சார்."

"எந்த ஊர்லேர்ந்து வந்த?"

"நுவரெலியா பக்கம் சார். தோட்டம்."

"இங்க என்ன பாடம் நடக்குது, தெரியுமா?"

அவள் படத்தைப் பார்த்தாள். "எங்க ஊரப் பத்தி சார்." கொஞ்சம் தயங்கி, "ஆனா கூடை தப்பு சார்" என்றாள்.

"காட்டு, எப்படின்னு."

கலாவை என் கையில் கொடுத்தாள். மூலையில் இருந்த குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். படம் மாட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கூடையில் கட்டினாள். (பனைமரத்தோடு படம் பொத்தென்று விழுந்தது.) கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டு, குனிந்து, இரண்டு கைகளாலும் காற்றில் கொழுந்து கிள்ளிப் பின்னால் போட்டாள். விரல்கள் அவ்வளவு வேகம்.

"இடுப்புல வெச்சா ஒரு கை கூடைக்குப் போயிரும் சார். அப்புறம் எப்பிடிப் பறிக்கிறது? எங்க அம்மா விடியக் காலம்பர மலைக்குப் போயிரும். தம்பி புள்ளக்காம்பராவுல இருப்பான். பால் குடுக்கற நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போகும்."

புள்ளக்காம்பரா என்றால் தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடமாம். அவள்தான் சொன்னாள். ஒரு வருஷப் படிப்பில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கலா என் தோளில் விசும்பிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் இதுவரை அவள் பேச்சுக்குச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ண ஏம்மா வெளிய அனுப்புனீங்க?"

கலாவை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன். வகுப்பே அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத் தன் முறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஆறுமுகம் துள்ளி எழுந்தான்.

"அன்பாக, டீச்சர்!"

என்னைத் தேறவிட்டார்கள். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பாடக்குறிப்பு நோட்டில் தேர்வாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "பனைமரம் எதற்கு?"

மணி அடித்ததும் யோகேஸ்வரியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது, "பாப்பா ரொம்ப அழுதாளா?" என்பதுதான்.

"இல்ல டீச்சர். கொஞ்ச நேரந்தான்" என்றாள். குப்பைக் கூடையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, சிந்திய காகிதங்களையும் பொறுக்கிப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் காய்ச்சலோடு படுத்திருந்த நாத்தனார் எழுந்து வந்துவிட்டாள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எதற்கு ஏடாகூடமாகப் பதில் சொன்னாலும், "நமக்கும் இலங்கைக்கும் நடுவுல?" என்று ஒருவர் கேட்பார், "பெண்கள்!" என்று மற்றவர்கள் முழங்குவார்கள். கல்லங்குறிச்சிக் கோயிலில் நடந்த கொழுந்தனார் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போதுகூட முழங்கினார்கள்.

கலாவுக்கும் இந்தக் கதை மனப்பாடம். "அப்ப நான் எங்கம்மா இருந்தேன்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஆயாகிட்ட" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். கூடையையும் கயிற்றையும் நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆறுமுகத்தைக்கூடச் சொன்னதில்லை. கதை எங்கள் வீட்டில் மூன்றாவது பதிலோடு முடிந்துவிடும். எல்லாரும் சிரிக்கிற சத்தத்தில் மிச்சம் இருப்பது யாருக்கும் தெரியாது.

கலா இப்போது மூன்றாம் வகுப்பு. கையில் கிடைக்கும் பத்திரிகையை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். இது அச்சாகி வந்தால் இதையும் படிப்பாள். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, அடுப்படியில் இருக்கும் என்னிடம் வந்து, "ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்பாள்.

நான் இன்னும் ஒத்திகை பார்க்கவில்லை.