மாடி வீட்டுக்கு, வயா மார்சேய்

திருச்சி மாவட்டத்தில் பிறந்த அத்தனை பேரும் "எங்க போறீங்க?" என்றுதான் கேட்பார்கள். "எந்த வழியாப் போறீங்க?" என்று கேட்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் வயா.

ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. கூடைகளையும் மூட்டைகளையும் பார்த்து "எங்கேருந்து, எங்க, வயா?" என்று கேட்டுக் கேட்டு, மனிதர்களும் கூடைகள்தான் என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். கருவாட்டுக் கூடையைத் தூரத்திலிருந்தே மோந்து, "இது மானாமதுரைல ஒரு ராத்திரி கிடந்திருக்கு" என்பார். எந்தக் கூடையும் மறுத்துப் பேசியதில்லை.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஆறிப்போய் வந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். வயா மட்டும் பரிமாறியவரைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இது வயா என்ன?"

"மாப்பிள்ளை வீட்டு வரிசையைச் சுத்தி வந்தேங்க."

"அதான பாத்தேன். சாம்பார் மேல தப்பில்ல."

சக குமாஸ்தா ஒருவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எல்லோரும் பிழைப்பாரா என்று டாக்டரிடம் அழ, வயா கேட்டது, "அடைப்புக்குப் போறது மணிக்கட்டு வழியாவா, தொடை வழியாவா டாக்டர்?" இப்படி யாரும் கேட்டிராத டாக்டர் மனம் நெகிழ்ந்து, அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினாராம். நோயாளிதான் பாவம், கட்டிலில் படுத்தபடி முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது.

இந்த மனிதர் என் மாடி வீட்டுக்குக் குடிவந்தார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் அபார்ட்மென்ட். வீடுகள் ஆறு. நான்கு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். அவர்கள் சார்பில் பூட்டுகள் குடியிருக்கின்றன. மிச்சம் இரண்டு உயிர், கீழே நான், மேலே வயா. என் மனைவி மகளின் பிரசவத்துக்காக பெங்களூரு போனவள். பேத்தி இப்போது ஓடுகிறாள். மனைவி இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை. வயாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் "எங்க ஜாதகம் உங்களுக்கு வந்தது வயா யாரு?" என்று கேட்டதால் நின்றுபோனதாகப் பார்சல் ஆபீஸில் ஒரு கதை உண்டு. நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போனதில்லை. படிக்கட்டில் பார்த்தால் மோட்டார், தண்ணீர், கரண்ட். இந்த மூன்றையும் பேசி முடித்ததும், உலகத்தில் வேறு விஷயமே இல்லாததுபோல் அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஒருநாள் அவரே நாலாவது விஷயத்தைத் தொடங்கினார்.

"சார், நீங்க பத்திரிகைல எழுதறவரு. ஒரு அநியாயம் நடக்குது. நான் தினம் ஃபிரான்ஸ் போயிட்டு வரேன்."

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். லுங்கியில் இருந்தார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடறேன் சார். பாராசூட்ல ஒரு தீவுல குதிக்கணும். ஜோடி ஜோடியா குதிப்பாங்க. கடைசி வரைக்கும் சாகாத ஜோடி ஜெயிச்சிரும். நான் சாகறது பத்திக் கவலை இல்ல. ஆனா செத்தது எனக்கு லேட்டாத் தெரியுது. கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டோம்னு நான் நிம்மதியா இருக்கேன். சிங்கப்பூர்ல இருக்கற கேம் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல நான் கதவுக்கு வெளியவே விழுந்து கிடக்கேன்."

"அது எப்படி சார்?"

"நான் சுட்டா அந்தச் சேதி சிங்கப்பூர் போகணும். அது பாத்து, பட்டுச்சா இல்லையான்னு சொல்லி, திரும்பி வரணும். அந்தப் போக்குவரத்து நேரத்துக்குப் பேரு பிங். சென்னைலேருந்து கடலுக்கடியில நேரா சிங்கப்பூருக்கு லைன் கிடக்கு சார். நம்ம இன்டர்நெட் கம்பெனிக்காரன் அதுல விடாம மும்பைக்கு அனுப்பறான். மும்பைக்காரன் ஃபிரான்சுல மார்சேய்னு ஒரு ஊருக்கு அனுப்பறான். அங்கேருந்து சிங்கப்பூர். திரும்பி வர்றதும் அப்படியே. பாஸ்போர்ட் எடுக்காத மனுஷன் சார் நான்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"கம்ப்யூட்டர்ல ஒரு கமாண்டு இருக்கு. அடிச்சா வழியில இருக்கற ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா வந்துருது."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்நாள் முழுவதும் கேட்ட கேள்விக்கு உலகம் முதல் முறையாக ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது.

நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். மனது லேசாகிவிட்டது. ஏனென்றால் நானும் அதே கேமைத்தான் தினம் ஏழு மணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் விளக்கு வைத்த பிறகு எல்லோருக்கும் போக ஓர் இடம் உண்டு. கோயில் கூட்டத்தில் நிற்க என் முட்டிகள் சம்மதிப்பதில்லை. வெளியில் சொல்லவும் முடியாது. கணினி விளையாட்டால் இளைய தலைமுறை சீரழிவதாக இதே பத்திரிகையில் கண்ணீர் வடித்து எழுதியவன் நான். கேமில் எப்போதும் சாவதற்கு வயதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மார்சேய்தான் காரணம் என்று தெரிந்ததில் அப்படி ஓர் ஆறுதல்.

கேமில் என் பெயர் சண்டமாருதம். படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற ஆள் வைத்துக்கொள்ளும் பெயர் அப்படித்தான் இருக்கும். என் நிரந்தர ஜோடி, கருஞ்சிறுத்தை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவன். பேசும் வசதி உண்டு. குரல் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் பேசுவதில்லை, அவனும் பேசியதில்லை. பட்டனைத் தட்டினால் 'வா', 'பின்னால் வருகிறேன்', 'நன்று' என்று தகவல் போகும். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பினாங்கில் ஒரு தமிழ்ப் பையன் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். நான் அடிபட்டு விழுந்தால் எத்தனை பேர் சுட்டாலும் ஓடிவந்து தூக்கிவிடுவான். ஒரு நாளில் என்னைப் பார்த்து 'வா' என்று சொன்ன ஒரே ஜீவன் அவன்தான்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. விஷயத்துக்கும் என் மூளைக்கும் நடுவில் எப்போதுமே ஒரு மார்சேய் உண்டு.

அநியாயத்துக்குச் சாட்சியாக வயா என்னைத் தில்லைநகரில் இருந்த இன்டர்நெட் கம்பெனிக்கு அழைத்துப்போனார். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஸ்பீடு நூறு வருதே சார்" என்றாள்.

"ஸ்பீடு வருதும்மா. நான் இல்லேங்கல. வண்டி நூறுலதான் போகுது. திருச்சிலேருந்து சென்னைக்கு ராமேஸ்வரம் வழியா நூறுல போகுது."

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?"

"பண்ணேன். ஃபிரான்சுல யாரும் கண்டுக்கல."

மேனேஜர் வந்தார். வயா அவரிடம், சென்னைக்கு விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போகும் கார்டு லைன் இருக்கும்போது தஞ்சாவூர், மாயவரம் என்று சுற்றும் மெயின் லைனில் ஒருவன் அவசரச் சரக்கை அனுப்பினால் அவனை என்ன செய்யலாம் என்று கேட்டார். மேனேஜர் யோசித்துவிட்டு, "கேம் யாருக்கு சார், பையனுக்கா?" என்றார்.

"எனக்குத்தான்."

"இல்ல, வீட்டுல பசங்க யாராவது…"

"வீட்டுல நான்தாங்க."

கவுன்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் கொஞ்சம் தணிந்த குரலில், "வழியெல்லாம் மேலதான் சார் முடிவு பண்றாங்க" என்றார்.

"மேலன்னா?"

"மும்பை."

வயா என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? புகாரும் அதே ரூட்டு."

அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நல்ல மழை. கேமில் நானும் கருஞ்சிறுத்தையும் ஒரு படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தோம். எதிர்க்கரையில் ஆட்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்று வெடித்து, கரண்ட், மோடம், ஆறு, படகு எல்லாம் ஒன்றாகப் போயின. மெழுகுவத்தி தேடிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் வந்தேன். மேலே இருட்டில் வயாவின் குரல்.

"அடப் பாவிகளா! அந்தப் பையனைப் படகுல தனியா விட்டுட்டு வந்துட்டேனே! சுட்டுத் தள்ளிருவானுங்களே!"

படகில் இருந்த பையன் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தான், கையில் தீப்பெட்டியோடு.

"யாரு, சாரா? கீழயும் கரண்ட் இல்லையா?"

"இல்ல சார்."

"ஒரு பையன் சார். என்கூட ஜோடியா ஆடறவன். எந்த ஊரோ தெரியல. மூட்டுவலிக்காரன் மாதிரி ஓடுவான். ஆனா குணமான பையன். என்னைக் காணோம்னு தேடுவான்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பையன் இருந்தான். அவனை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? "தேடுவான் சார்" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு கேமில் கொஞ்சம் இளமையாக நடந்துகொள்ள முயன்றேன். இருபது வயதில் எப்படி ஓடுவார்கள் என்று யோசித்து, அவசியமில்லாமல் அங்கங்கே குதித்தேன். குதித்த இடங்களில் சுடப்பட்டேன்.

தை பிறந்ததும் புதிதாக ஒரு கம்பெனி எங்கள் சந்துக்கு வயர் இழுத்தது. வயா வயர்க்காரரிடம் வழக்கம்போல "வயா?" என்று கேட்டிருக்கிறார். "சென்னைங்க, அங்கேருந்து கடல்ல நேரா சிங்கப்பூர்" என்று அவர் அசராமல் சொல்ல, வயா அங்கேயே நின்று சந்தா கட்டிவிட்டார். பிங் இருநூற்றைம்பது மில்லிசெகண்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. வயா திடீரென்று வீரராகிவிட்டார். கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் நிஜமாகவே ஒளிந்தார்.

"கைலாசபுரத்துப் பசங்க சில பேரு டீம் வெச்சிருக்காங்க சார். ஒருத்தனுக்கு ஜோடியா என்னைக் கூப்பிடறாங்க. ஆனா அந்தப் பையன்…" என்று படிக்கட்டில் இழுத்தார். "இப்பல்லாம் நான் முன்னாடி போயிடறேன். திரும்பிப் பாத்தா அவன் செத்துக் கிடக்கான். அவன் ஊர்ல அவனுக்கு அது இன்னும் தெரிஞ்சிருக்காது. ஓடிட்டேதான் இருப்பான். பாக்கவே என்னவோ மாதிரி இருக்கு சார்."

"நீங்க போங்க சார். எத்தனை நாளைக்கு அவனை இழுத்துட்டுத் திரிவீங்க?" என்றேன். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தால் ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்பது மறந்துபோயிருந்தது. மறுபடியும் போட்டேன்.

ஏழு மணிக்குத் திரையில் கருஞ்சிறுத்தையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 'வேறு குழுவில் உள்ளார்' என்றும் இருந்தது. நான் யாரோ முகம் தெரியாத ஒருவனோடு குதித்தேன். இறங்கியவுடன் அவன் என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாளும் பச்சை விளக்கு, வேறு குழு. பிறகு லேப்டாப்பைத் திறந்து, அந்த விளக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். மாடியிலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். ஆள் என்னவோ தலைக்கு மேலேதான் இருந்தார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் புதுக் கம்பெனியின் வயர்க்காரர் படிக்கட்டில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வயா நின்றார்.

"கட் பண்ணச் சொல்லிட்டேன் சார். பழைய கம்பெனிக்கே திரும்பிட்டேன்."

"ஏன் சார்? நாப்பதை விட்டுட்டு யாராவது…"

"ரொம்ப சீக்கிரம் போய்ச் சேந்துடறேன் சார். போயி, பேச்சுத்துணைக்கு ஆளில்லாம உக்காந்திருக்க வேண்டியிருக்கு." வயரைச் சுருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களும் பழைய கம்பெனிதான?"

"ஆமா."

"அப்ப ஒரே ரூட்டுதான். ஏழு மணிக்கு வந்துருங்க." இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். "சும்மா சும்மா குதிக்காதீங்க சார். முட்டிக்கு ஆகாது."

கருவாட்டுக் கூடையை மோந்து மானாமதுரையைக் கண்டுபிடித்தவருக்கு, கரண்ட் போனால் கூடவே போய், வந்தால் கூடவே வருகிற பையன் எந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருக்கிறான் என்பதா தெரியாது? அவருக்குப் படகு நாளிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு பினாங்குப் பையன் இருந்ததை அவர் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. தினம் ஏழு மணிக்கு அவர் மாடியிலிருந்தும் நான் கீழேயிருந்தும் கிளம்பி, மும்பை, மார்சேய் எல்லாம் பார்த்துக்கொண்டு சிங்கப்பூரில் சந்தித்தோம். ஒரே நேரத்தில் தாமதமாகச் சுட்டு, ஒரே நேரத்தில் தாமதமாகச் செத்தோம்.

போன வருடம் அவர் ரிடையராகி, தம்பி குடும்பத்தோடு இருக்கப்போவதாக உப்பிலியபுரம் கிளம்பினார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் ஓடி, மூச்சு வாங்க, "வயா?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"துறையூர் சார்" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

மாடி வீட்டுக்கும் இப்போது பூட்டு குடிவந்துவிட்டது. உப்பிலியபுரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு டவரின் செல்போன் சிக்னல். காற்றடித்தால் பிங் ஐந்நூறைத் தாண்டுகிறது. ஏழு மணிக்குக் குதிக்கிறோம். நான் இறங்கிய இடத்திலேயே அசையாமல் நிற்கிறேன். யாராவது சுட்டால் சுடட்டும். அவர் வரக் கொஞ்சம் நேரமாகும்.