கெஜட்டு போட்ட புயல் புத்தகம்

ராயபுரத்தில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்துப்போனவர்களிடம் அதிக சகவாசம் வைத்திருந்த ஒரே ஆள் கெஜட்டுதான். சர்க்கார் கெஜட்டைப் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் காலராவை, பஞ்சத்தை, தீயை சர்க்கார் எப்படி எழுதி வைத்தது என்று நம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் சின்னச் சின்னப் புத்தகங்களோடு வெளியே வந்தார். அவரே காசு போட்டு அச்சடிப்பார், கன்டெய்னர் லாரிப் புழுதியில் அவரே சுமந்து விற்பார். பெரும்பாலும் அவரேதான் வாங்குவார்.

காப்பகப் பழக்கம் தெருவுக்கும் வந்துவிட்டது. டீக்கடையில்கூட, காப்பகத்தில் கோப்பு கேட்கிற மாதிரி, 'டீ, சர்க்கரை கம்மி' என்று கடைக்காரரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா, டீக்கு மனு குடுக்கறே?"

"அவசரமில்ல மாமு. நிதானமா தேடி எடுத்துனு வா."

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் காலராப் புத்தகத்தைத் திணித்தார். பெண்ணின் அப்பா பாய்ந்தார். "நீ கல்யாணத்துக்கு வந்துகீறியா, சாவுக்கு வந்துகீறியா?"

"படிச்சிப் பாரு தோஸ்து. மொதல் பக்கமே உன் தெருதான்."

அப்புறம் ஒரு புயல். எங்கள் தெரு ஸ்டெல்லா அக்காவின் புருஷன் அருள் போன படகு திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. கெஜட்டு அப்போது பழைய புயல் கோப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். டீக்கடையில் வாசித்துக் காட்டினார். உடைந்த கட்டுமரத்துக்கு விலை போட்டிருந்தது. அறுந்த வலைக்கும் விலை போட்டிருந்தது. போன ஆட்கள் வெறும் 'சில மீனவர்கள்'.

"வலைக்குக் கீற மருவாதி மனுசனுக்கு இல்லியேடா!" என்று கத்தினார். நம் காலத்தில் கடலோடு போனவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் போட்டே தீருவேன் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார்.

ஸ்டெல்லா அக்கா வாசலிலேயே மறித்தார். "எங்கூட்டுக்காரரு பேரப் போட்டுடாதண்ணா. அவரு வந்துடுவாரு."

"போடலன்னா நாளைக்கு அவரும் 'சில மீனவர்கள்'தாம்மா."

"போட்டா செத்துப்பூட்டாருன்னு ஆயிடுமே!"

எதற்கும் ஒரு கோப்பைக் காட்டுகிற கெஜட்டு, பெயர்ச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

புத்தகம் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் பெயர்கள், அவற்றுக்குக் கீழே ஒரு வரி காலி. மொத்தப் புத்தகக் கட்டையும் ஸ்டெல்லா அக்கா வீட்டுத் தரையில் இறக்கி, கெஜட்டு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். காப்பகத்துக்குள் பேனாவை விடமாட்டார்கள்; மை பட்டால் பட்டதுதான், போகாது.

"இந்த ஒரு பேரு மட்டும் பென்சில்ல எழுதறேம்மா. ஒவ்வொரு புக்குலயும்."

"அவரு வந்துட்டாருன்னா?"

"வாங்கினவன் வூட்டுக்கெல்லாம் நானே போயி அழிக்கறேன்."

அக்கா அந்தக் காலி வரியின் மேல் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இனிஷியல் சேத்துப் போடுண்ணா. எஃப்."

அருள் வரவில்லை. கெஜட்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். பென்சில் எழுத்து, கடற்காற்றில் மங்கிக்கொண்டே இருக்கிறது. என் பிரதியில் அது மங்கும்போதெல்லாம் பென்சிலை எடுத்து, கெஜட்டின் கோணல் கையெழுத்தின் மேலேயே, ஒரு வளைவும் விலகாமல் மெல்ல எழுதுகிறேன்.