பொட்டு வைக்காத ஊர்

"அமெரிக்கன் ஃபுட்போல் தெரியும்தானே?" என்று மேலாளர் கிறேம் கேட்டபோது குணரத்தினம் தலையை ஆட்டிவிட்டார். தெரியாது என்று சொல்ல அவருக்கு வசதியில்லை. கொழும்பில் புள்ளிவிவரத் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்த மனிதர், ஒக்லாந்துக்கு வந்து மூன்று வருடம் மனுகாவ் கடைத்தொகுதியில் நிலம் துடைத்த பிறகு கிடைத்த முதல் மேசை வேலை இது. பந்தய அலுவலகம்தான். ஆனாலும் மேசை மேசைதானே.

"சீசன் தொடங்கப் போகிறது. முப்பது அணிகள். எது சாம்பியன் ஆகும் என்பதற்கு விலை போட்டுக்கொண்டு வா. சரியாக வந்தால் உன் வேலை நிரந்தரம்" என்றார் கிறேம்.

நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்தபின் குணரத்தினத்துக்கு வேறொன்றும் விழவில்லை.

விலை என்பது பெரிய வித்தையல்ல, கட்டின ஒரு டொலருக்கு எத்தனை டொலர் திரும்பும் என்ற கணக்கு. வெல்லக்கூடிய அணியில் பணம் கட்டினவனுக்குக் கொஞ்சம் திரும்பும். வெல்லாது என்று ஒதுக்கிய அணியில் கட்டினவனுக்கு நிறையத் திரும்பும். ஒதுக்கியது தப்பித்தவறி வென்றால், ஒதுக்கினவன் கதை முடிந்தது.

சனிக்கிழமை காலை, ஏவன்டேல் வாடகை வீட்டின் சமையலறையில் தென்கோளத்து ஆவணிக் குளிர் எலும்பைத் தின்றது. பச்சையும் மஞ்சளுமான கம்பளிப் போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு, கிறேம் கொடுத்த சஞ்சிகையைப் பிரித்தார். தலையில் சட்டி கவிழ்த்த தடியர்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள். பந்தைக் காணவில்லை.

ஆராய்ச்சி அத்துடன் நின்றது. மனைவியைக் கூப்பிட்டார்.

"ரதி, அமெரிக்காவில எங்கட ஆக்கள் ஆர் ஆர் இருக்கினம்? சொல்லும் பாப்பம்."

"உங்கட மச்சான் குமாரசாமி டலஸில. தவராசா அண்ணை சிக்காகோவில. பெரியம்மான்ர மகள் நியூ ஜேர்சியில..." ரதிதேவி கொஞ்சம் தயங்கினாள். "பிறகு, என்ர தம்பி..."

"அவன்ர பேரை இந்த வீட்டில எடுக்கக்கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

தம்பி செய்த குற்றம் பெரிது. தன் கலியாணத்தில் அத்தானை இரண்டாம் பந்தியில் இருத்திவிட்டான். அதுவும் அப்பளம் முடிந்துபோன பந்தி. கொழும்பில் தொடங்கிய அந்தக் கோபத்தை, குணரத்தினம் பெட்டியில் வைத்து ஒக்லாந்துவரை பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

ரதிதேவி பாத்திரம் கழுவப் போனாள்.

முதலில் டலஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"இதென்ன கேள்வி மச்சான்? டலஸ்தான்! எங்கட ஊரை மிஞ்ச ஆர் இருக்கினம்?" என்றார் குமாரசாமி.

"நீ விளையாட்டுப் பாக்கிறனியோ?"

"சீ, எனக்கெங்க நேரம்?"

பிறகு சிக்காகோ.

"டலஸோ? அங்க வெயிலைத் தவிர வேற என்ன இருக்கு? சிக்காகோவெண்டு போடும் ஐசே" என்றார் தவராசா. "எங்கட கோயில் தேரைப் பாத்தா இப்பிடிக் கேக்கமாட்டீர்."

கூப்பிட்ட ஒவ்வொருவரும் தத்தம் ஊரையே சாம்பியனாக்கினார்கள். வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் கைவிட்டிருப்பான். குணரத்தினமோ அதிலிருந்தே ஒரு சூத்திரம் பிடித்தார். தமிழன் தேடிப் போய்க் குடியேறிய ஊரில் வேலை இருக்கும், காசு இருக்கும். காசு இருந்தால் நல்ல அணி இருக்கும்.

அமெரிக்கப் படத்தைச் சுவரில் ஒட்டி, ரதிதேவியின் ஒட்டுப்பொட்டுகளை எடுத்து, எங்கள் சனம் இருக்கும் ஊருக்கெல்லாம் பொட்டு வைத்தார். பொட்டு வைத்த ஊர்களெல்லாம் முதற் பந்தி.

கடைசியில் ஏரிக்கரையில் ஓர் ஊர் வெறும் நெற்றியோடு நின்றது.

"கிறீன் பேயாம். ஆர் கேள்விப்பட்டது? சஞ்சிகையில அவையின்ர உடுப்பைப் பாரும், பச்சையும் மஞ்சளும். எங்கட போர்வை மாதிரி!" என்று சிரித்தார்.

ரதிதேவியின் கையில் தட்டம் அப்படியே நின்றது. "உந்த ஊரை அப்பிடித் தள்ளிப்போடாதேங்கோ" என்றாள்.

"உமக்கென்ன தெரியும்? ஒரு தமிழன் மிதிக்காத ஊர்!"

கிறீன் பேய் கடைசிப் பந்திக்குப் போனது.

திங்கட்கிழமை கிறேம் விலைகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கிறீன் பேய்க்கு இவ்வளவா? நிச்சயமாகத் தெரியுமா?"

"அமெரிக்காவில் எனக்கு நேரடித் தொடர்புகள் இருக்கின்றன."

அது பொய்யல்ல. கிறேமும் நம்பிவிட்டார்.

விலை வெளியான அன்றே ஒக்லாந்தில் வேலை செய்யும் அமெரிக்கர்கள் வரிசையில் வந்து கிறீன் பேயில் கட்டினார்கள். விலையைக் குறைக்கச் சொன்னாள் பக்கத்து மேசை ரஷ்மி.

"தெரிஞ்சவங்கதான சார் வந்து கட்டுறாங்க?"

"விசரர் காசு கொண்டு வந்தா வேண்டாமெண்டு சொல்லுறதோ, பிள்ளை?" என்று குணரத்தினம் விலையை இன்னும் கூட்டினார். வரிசை வாசலைத் தாண்டியது.

கிறீன் பேய் வென்றது. பிறகும் வென்றது. டலஸ் விழுந்தது. சிக்காகோ எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. தவராசா தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். ஜனவரிக் கடைசியில், ஒக்லாந்தே விடுமுறையில் கடற்கரைக்குப் போன திங்கட்கிழமை, கிறீன் பேய் சாம்பியன் ஆனது. செவ்வாய்க்கிழமை காலை கிறேம் கைகொடுத்து நன்றி சொன்னார். கைகொடுத்தால் என்ன அர்த்தம் என்பது குணரத்தினத்துக்கு இந்த நாட்டில் நன்றாகப் பழகியிருந்தது.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். இனி மறுபடியும் மனுகாவ், மறுபடியும் துடைப்பம். நாற்பத்தெட்டு வயது மனிதர் சமையலறைக் கதிரையில் இருந்து, வெட்கம் இல்லாமல் அழுதார்.

வெயிலில் காயப்போட்ட போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த ரதிதேவி அவர் சொன்ன எல்லாவற்றையும் நின்று கேட்டாள்.

"ஒரேயொரு தமிழன் அந்த ஊரில இருந்திருந்தா," என்று மூக்கை உறிஞ்சினார் குணரத்தினம், "ஒரு வார்த்தை சொல்லியிருப்பானெல்லோ, ரதி? நான் தப்பியிருப்பன்."

ரதிதேவி போர்வையை அவர் மடியில் வைத்தாள். சுவரில் இன்னும் தொங்கிய படத்தடிக்குப் போனாள். தன் நெற்றியிலிருந்த பொட்டை உரித்து, அந்த ஏரிக்கரை ஊரில் அழுத்தி ஒட்டினாள்.

"உந்தப் போர்வையை அனுப்பினவன் அங்கதான் டொக்டரா இருக்கிறான், 'இந்த முறை எங்கட ஊர்தான், அத்தானிட்டைச் சொல்லுங்கோ அக்கா' எண்டு ஆவணியிலேயே எடுத்துச் சொன்னவன், நீங்கள்தான் அவன்ர பேரை இந்த வீட்டில எடுக்க விடேல்லை."