தங்கம் துருப்பிடித்த ஞாயிற்றுக்கிழமை

"இந்த வண்டி மேல என் கையத் தவிர வேற எவன் கையும் படக்கூடாது. அந்தோணியார் மேல சத்தியம்!"

லியோனார்ட் இப்படிச் சூளுரைத்தது, ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், தன்னுடைய டீசல் அம்பாசிடருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு. சபதம் எடுக்கிறவன் நின்றுகொண்டு எடுத்தால்தான் எடுப்பாக இருக்கும். இவனுக்கு அந்த வசதி இல்லை. வெளியே தெரிந்ததெல்லாம் இரண்டு கால்கள். ஒன்றில் செருப்பு, மற்றொன்றில் கிரீஸ்.

சபதத்தைக் கேட்டவன் ஜாபர். எதிர் வீட்டுக்காரன். டோல்கேட் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். லியோனார்டுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தோஸ்து.

"எவன் கையும்னா? என் கையுமா மாமு?"

"நீதான் மொதல் ஆளு. நீ ஆயில் மாத்தினா வெறும் ஆயில் மாத்தற. நான் மாத்தினா வண்டிக்குப் பாசத்த ஊட்டறேன்."

"ஊட்டு, ஊட்டு. ஆனா அந்தப் பாசம் உன் காதுக்குள்ள ஒழுவினு கீது, துடைச்சிக்க."

வாரத்தில் ஆறு நாள் ஹார்பரில் கன்டெய்னர் எண்ணுகிற குமாஸ்தா லியோனார்ட். ஏழாவது நாள் ஆண்டவர் ஓய்வெடுத்தார். இவன் ஸ்பானர் எடுத்தான். 'நீயே உன் மெக்கானிக்' என்று யாரோ பிளாட்பாரத்தில் விற்ற புத்தகத்தை வாங்கி வந்ததிலிருந்து பிடித்த பேய் அது. அந்தப் புத்தகத்தில் பாதிப் பக்கம் இல்லை. கழற்றுவது எப்படி என்கிற பாதி மட்டும் இருந்தது.

கழற்றியதோடு நின்றானா? முன்னேற்றம் வேறு செய்தான். காசிமேட்டில் கழித்துப் போட்ட விசைப்படகின் ஹாரனைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினான். முதல் தடவை அமுக்கினான். அவ்வளவுதான், படகு வந்துவிட்டது என்று மீன்காரம்மாக்கள் கூடையோடு ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். "வஞ்சிரம் கீதா நைனா?" என்று டிக்கியைத் திறந்து பார்த்தவர்களும் உண்டு.

அப்புறம் டீசலில் தூசி இருக்கிறது என்று சந்தேகம் வந்தது. வீட்டு இட்லித் துணியை எடுத்து டீசலை வடிகட்டினான். நல்லவன்தான், துணியை சோப்புப் போட்டு அலசி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். மறுநாள் அந்த இட்லியைத் தின்ற மச்சான் ஃப்ரெடி ஒரு ஏப்பம் விட்டான் பாருங்கள், பக்கத்தில் பீடி பற்றவைக்கப் போன பெரியவர் தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டவள் ஐரீன், அவன் பெண்டாட்டி. நெத்திலி ஊறுகாய், இறால் ஊறுகாய் போட்டு, டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கடை கடையாய்க் கொடுக்கிறவள். வாசலில் சொந்தக் கார் நிற்கும். அவள் ஊறுகாய் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நிற்பாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பார்.

"இன்னாங்க, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுங்களேன். டப்பா தூக்கித் தூக்கி கையே கழண்டு போவுது."

"வண்டியா? ஐரீன், இது வண்டி இல்ல. தங்கம்."

"அப்ப கழுத்துல மாட்டிக்கினு சுத்துங்க."

"வெளையாடாத. நீ ஓட்டி ஒரு கீறல் உழுந்துச்சுன்னு வையி..."

"கீறல் என் மேல உழுந்தா?"

"உனக்கு மருந்து போட்டா ஆறிடும். பெயிண்டு தானா ஆறுமா?"

இந்த பதிலுக்கு அன்றைக்கே அவன் தலையில் ரசச் சட்டி கவிழ்ந்திருக்க வேண்டும். கவிழவில்லை. ஐரீன் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்விட்டாள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இதுதான் டேஞ்சர். லியோனார்டுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் அவன் கவனம் சைலன்சரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் குண்டு விழுந்தது.

"வண்டிய வித்துடலாம்னு கீறேன்."

ரசம் மூக்கில் ஏறியது. "இன்னாது?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பாக்க ஆளு வருது."

"ஏன் விக்கணும்?"

"எனக்கு ஓட்டவும் குடுக்க மாட்டீங்க. ஊறுகா டப்பாவ ஏத்தினா நாத்தம்னுவீங்க. அப்பால இன்னாத்துக்கு வாசல்ல நின்னுகினு கீது? கொசு வளக்கவா?"

வண்டி ஐரீன் பேரில் இருந்தது. அவள் வளையல் போய்த்தான் வண்டி வந்தது. அதனால் மறுத்துப் பேச அவனுக்கு வழியில்லை. இருந்தாலும் ஆம்பிளை இல்லையா? வாயைத் திறந்தான். ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். திறந்த வாயில் ஒரு கவளம் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டான்.

அன்றிரவு அவனுக்குத் தூக்கமே இல்லை. அந்த வண்டி போய்விட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது? ஹார்பரில் மேலாளர் அதட்டுவார். வீட்டில் ஐரீன் அதட்டுவாள். அதட்டாமல் அவன் சொன்னபடி கேட்பது உலகத்திலேயே அந்த அம்பாசிடர் ஒன்றுதான். அதுவும் பாதி நாள் கேட்காது. அதை நினைத்துத் தலையணையில் நிஜமாகவே அழுதான்.

விடிந்ததும் மூளை வேலை செய்தது. விற்காதே என்று சொல்லத்தானே முடியாது? வாங்குகிறவன் ஓடிப்போனால் யாரைக் குற்றம் சொல்ல முடியும்?

சனிக்கிழமை மத்தியானம் ஐரீன் ஊறுகாய் கொடுக்க டோல்கேட் போனாள். இவன் பானெட்டைத் திறந்தான். டீசல் வண்டியைப் பற்றி அரைப் புத்தகத்திலும் ஒரு விஷயம் தெளிவாய் இருந்தது. என்ஜின் மூச்சு விட நிறையக் காற்று வேண்டும். ஆனால் டீசல் போகிற குழாய்க்குள் துளிக் காற்று போகக்கூடாது. லியோனார்ட் இரண்டையும் மாற்றிச் செய்தான். கொடியில் காய்ந்த பனியனைச் சுருட்டி ஏர் ஃபில்டருக்குள் சொருகினான். அங்கே காற்று அடைபட்டது. டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினான். இங்கே காற்று புகுந்துவிடும். வண்டி கரும்புகையாய்க் கக்கும், கொஞ்ச நேரத்தில் இருமிச் செத்துப்போகும். வந்தவன் தலைதெறிக்க ஓடுவான். சாயங்காலம் பனியனை உருவி, நட்டை முறுக்கி, கைப்பம்பை நாலு தடவை அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் தங்கம் திரும்பவும் தங்கம்.

"நீ பெரிய கில்லாடிடா லியோனார்ட்," என்று வண்டிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக்கொண்டான். வேறு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. வந்தது ஆம்பிளை இல்லை, ஒரு அம்மாள். மலிகா என்று பெயர் சொன்னாள். விறைப்பான காட்டன் புடவை, கூலிங் கிளாஸ், காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஐரீன் ஜாபரையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். வண்டி தெரிந்த மனுஷர் ஒருத்தர் கூட இருக்கட்டும் என்றாள்.

லியோனார்ட் சாவியைத் திருகினான். டுபுடுபு என்று என்ஜின் எழுந்தது. எழுந்த சுருக்கில் சந்து இருண்டது. எதிர் மாடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் துக்க வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டன.

"புகை ஜாஸ்தியா வருதே?" என்றாள் மலிகா.

"இன்னிக்குக் கம்மிங்க மேடம். நேத்து ஃபயர் சர்வீஸ்ல வந்து விசாரிச்சுட்டுப் போனாங்க."

"பாடி எப்படி?"

"பாடியா? பெயிண்டுதான் புடிச்சு நிறுத்தினு கீது. உள்ள தகரம் கெடையாது. பூராவும் துரு."

"எங்கயாச்சும் லேசா இடிச்சுட்டா?"

"தாராளமா இடிக்கலாம். இதுக்கு மேல நெளிய எடம் கெடையாது."

ஜாபர் தொண்டையைக் கனைத்தான். "மாமு, போதும்."

"நீ சும்மா இரு. அவங்க கேக்கறாங்க இல்ல?"

மலிகா விடாமல் கேட்டாள். "கியரைக் கரகரன்னு போட்டா கெட்டுப் போயிடுமா?"

"கெட்டுப் போறதுன்னா மொதல்ல நல்லா இருக்கணும் இல்ல மேடம்?"

"அப்ப, ஓட்டத் தெரியாதவங்க கையில குடுத்தாலும் பயமில்லைன்றீங்க?"

லியோனார்டுக்கு உற்சாகம் உச்சிக்கு ஏறியது. "கொழந்த கையில கூடக் குடுக்கலாம்! இதுல பாழாப் போறதுக்கு இன்னா கீது?"

அவன் சொல்லி முடிக்கவும், என்ஜின் மூன்று தடவை இருமி நிற்கவும் சரியாக இருந்தது. லியோனார்ட் இரண்டு கையையும் விரித்தான். முகத்தில் சோகம், உள்ளே கும்மாளம்.

"பாத்தீங்களா? இதான் வண்டி. நல்ல குடும்பத்துப் பொம்பளையாத் தெரியறீங்க. இந்தக் கலீஜை வாங்கி பேஜாராவாதீங்க."

"நான் ஏன் சார் வாங்கறேன்?" என்றாள் மலிகா.

ஐரீன் முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். "ஜாபர் அண்ணே, கேட்டுக்கினியா?"

"கேட்டேம்மா."

"இன்னா சொன்னாரு?"

"இடிக்கலாம், நெளிக்கலாம், கரகரன்னு கியர் போடலாம், யார் வேணா ஓட்டலாம்னாரு."

"அப்பால மாத்திப் பேசினா நீதான் சாட்சி." புருஷன் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, மலிகா மேடம் திருவொத்தியூர்ல பொம்பளைங்களுக்கு டிரைவிங் கிளாஸ் எடுக்கறாங்க. எனக்குக் கத்துக் குடுக்க வந்துக்கீறாங்க."

"விக்கறேன்னியே!"

"விக்கணும்னா இவ்ளோ கேவலமான வண்டிய எவன் தலையில கட்டறது? பாவம் இல்ல? அதான் நானே ஓட்டிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஐரீன், இது தங்கம்..."

"தங்கமா? இப்பதானே பூராவும் துருன்னீங்க?"

லியோனார்ட் ஜாபரைப் பார்த்தான். ஜாபர் வானத்தைப் பார்த்தான். கடைசியாக ஒரு துரும்பு கிடைத்தது லியோனார்டுக்கு. "ஆனா... ஆனா என்ஜின்தான் நின்னுபோச்சே! எப்படி ஓட்டுவ?"

மலிகா கூலிங் கிளாஸைச் சரிசெய்தாள். "நல்லதாப் போச்சு சார். மொத நாள் நாங்க என்ஜினே போட விட மாட்டோம். ஸ்டீரிங் பழக்கம், பிரேக் பழக்கம், அவ்ளோதான். யாராச்சும் பின்னால தள்ளினா போதும்."

ஐரீன் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள், ராணி மாதிரி. மலிகா பக்கத்தில் ஏறினாள். லியோனார்ட் நின்ற இடத்தில் நின்றான். வண்டியைச் சரி பண்ணினால் அவள் ஓட்டுவாள். சரி பண்ணாவிட்டால் இவன் தள்ள வேண்டும். நட்டைத் தளர்த்தியது நான்தான் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தான். யோசனை, இட்லித் துணி சமாசாரம் தெரிந்தபோது ஐரீன் பார்த்த பார்வை வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது.

"ஜாபரு, ஒரு கை குடேன்," என்றான் பரிதாபமாக.

"இடுப்புப் புடிச்சிக்கினு கீது மாமு." ஜாபர் வாசல் திட்டில் வசதியாகக் குந்தி, டீ சொல்லி அனுப்பினான்.

ஐரீன் ஜன்னல் வழியாக விரலை ஆட்டிக் கூப்பிட்டாள். லியோனார்ட் குனிந்தான். அவள் அவன் காதோடு சொன்னாள்.

"ஏர் ஃபில்டர்ல சொருகி வெச்சீங்களே பனியன், அத இப்ப எடுத்துடாதீங்க. நாளைக்கு என்ஜின் போட்டு ஓட்டறப்ப புகையப் பாத்துட்டு எல்லாரும் தானா ஒதுங்கி வழி உடுவாங்க."

லியோனார்ட் திரும்பித் திட்டைப் பார்த்தான். நேற்று எதிர் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த ஜாபர், மறுபடியும் வானத்தைப் பார்த்தான். மெதுவாகப் பின்பக்கம் போனான். டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றினான். சந்தில் இருந்த சனம் அத்தனையும் வாசலுக்கு வந்துவிட்டது. சிலர் கை தட்டினார்கள். லியோனார்ட் மூச்சைப் பிடித்துத் தள்ளினான். வண்டி நகர்ந்தது. பத்தடி போனதும் உள்ளேயிருந்து ஐரீனின் குரல் சந்தோஷமாக வந்தது.

"இன்னாங்க, இப்ப பிரேக்கு பழகப் போறேன். நான் மிதிக்கறப்பவும் உடாம தள்ளினே இருங்க!"