மாடி வீட்டு டிவியில் என் பாஸ்வேர்ட்

அக்காவுக்கு வந்திருந்த மாப்பிள்ளை போட்டோக்களை அம்மா போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரல் எங்கோ பட்டு, அத்தனை மாப்பிள்ளைகளும் மாடியில் குடியிருக்கும் சுமதி ஆன்ட்டியின் டிவியில் போய் நின்றார்கள். ஆன்ட்டி படியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "மூணாவது பையன் பரவால்லக்கா. மீசையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க."

அந்த நொடியில்தான் எனக்குள் இருந்த நெட்வொர்க் நிபுணன் விழித்துக்கொண்டான். (தூங்கியே இருந்திருக்கலாம்.)

அஸ்தினாபுரத்தில் எங்களுக்கும் மாடிக்கும் சேர்த்து ஒரே ரவுட்டர். அதைத் தனித்தனி சப்நெட்டாகப் பிரித்துவிட்டால் ஒரே வீட்டுக்குள் இரண்டு தெரு மாதிரி. இந்தத் தெருக் கருவி அந்தத் தெருவை எட்டிப் பார்க்க முடியாது. மூன்று வீடியோ பார்த்திருந்தேன், போதாதா?

மறுநாள் பதினொரு மணிக்கு அக்காவுக்கு ஆன்லைனில் கடைசிச் சுற்று இன்டர்வியூ. "இன்னைக்கு மட்டும் அதைத் தொடாதடா" என்றாள். பத்து நிமிஷ வேலை என்று சொல்லிப் பத்து மணிக்கு உட்கார்ந்தேன்.

ரவுட்டரின் பின்னால் வயர் செருக நான்கு துளைகள். முதல் துளை எங்களுக்கு: இணையமும் உண்டு, ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கும் உரிமையும் உண்டு. நான்காவது துளை மாடி வீட்டுக்கு: வேலை முடியும்வரை எதுவும் கிடையாது. சேமித்துவிட்டு, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று வயர்களைக் கழற்றி, பெட்டியின் முன்னால் நின்றபடியே பின்பக்கம் கையை விட்டு, இடமிருந்து எண்ணிச் செருகினேன்.

பின்பக்கத்தில் வரிசை தலைகீழ். எங்கள் வயர் நான்கில், மாடி வயர் ஒன்றில்.

எங்கள் வீட்டில் இணையம் செத்தது. செட்டிங்ஸ் பக்கமும் திறக்கவில்லை. போன் சிக்னல் மொட்டைமாடியில்தான் வரும். அங்கே போய் இன்டர்வியூவில் பேசலாமென்றால், பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாடியிலோ ஆன்ட்டியின் டிவி ஜோராக ஓடியது. ஆக, ரவுட்டரைத் திறக்கும் அதிகாரம் இப்போது அந்த டிவிக்கு மட்டும்தான்.

மணி பத்தே முக்கால். மாடிக்கு ஓடி, ரிமோட்டால் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினேன். ஆன்ட்டி, பாவம், உதவுகிறாராம். சத்தமாகப் படித்தார். "ஏ... கே... கே... ஏ... எல்... ஓ... ஓ... எஸ்... யு. அக்கா லூசு. இதுவா தம்பி?"

வாசலில் அக்கா. மேலே ஆபீஸ் சட்டை, கீழே பைஜாமா.

"அமுக்கு. பதினொன்னுக்கு அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

பத்து ஐம்பத்தேழுக்கு இணையம் வந்தது. கீழே இறங்கியபோது, அதுவரை பேப்பரிலிருந்து தலை தூக்காத அப்பா கேட்டார். "ரெண்டு வயரையும் மாத்திக் குத்தியிருந்தா போதாதா?"

போதும். எனக்குத்தான் தோன்றவில்லை.

அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் குழம்பு ருசிக்காவிட்டாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, "வயரை மாத்திக் குத்திப் பாத்தியா?"

அடுத்த மாதம் அக்கா மேடவாக்கத்தில் தோழிகளோடு ஃபிளாட் எடுக்கிறாள். அங்கே ஐந்து சப்நெட் போடப்போகிறேன். துளைகளுக்கு எண் எழுதிய ஸ்டிக்கர்கூட வாங்கியாயிற்று. அக்காவின் நிபந்தனை ஒன்றுதான்: பாஸ்வேர்டை அவள் வைப்பாள், நான் டிவியில் அமுக்க வேண்டும். சத்தமாகப் படிக்க ஆன்ட்டியையும் கூப்பிட்டிருக்கிறாள்.