மாப்பிள்ளையின் காலைத் தூக்கியவன்

உயர்தரப் பரீட்சையில் உயிரியலுக்கு எனக்கு 'ஏ' தரச் சித்தி. இதை வீட்டில் வாய் திறந்து சொல்லி இரண்டு வருடமாகிறது. (சொன்னால் அக்கா சிரிக்கமாட்டாள். எழுந்துபோய் அத்தானின் வேட்டி முடிச்சைச் சரிபார்ப்பாள்.)

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் வைத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அவர் தோழனின் விரலில் ஒரு மோதிரம் போடுவார். அதற்குப் பிறகு பக்கத்தில் சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதுதான் எனக்கு வராது.

அக்காவின் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்து படமெடுக்கத் தொடங்கினார்கள். வாவிக் காற்று மண்டப வாசலோடு திரும்பிப் போய்விட்டது. விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த அத்தான், ஒரு மணித்தியாலமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், ஆடாதீங்க. வீடியோவில வயித்துவலிக்காரன் மாதிரித் தெரியுது."

நல்ல மனிதர். முழங்காலை விறைத்துக்கொண்டு கொடிக்கம்பமாக நின்றார்.

நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கும். கெண்டைக்கால் தசை அசைந்து பிழிந்தால்தான் அது மேலேறி இதயத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால், மூளைக்கு அனுப்ப இதயத்திடம் போதிய இரத்தம் இராது. இதைப் படம் கீறி, பாகம் குறித்து, முழுப் புள்ளி வாங்கியவன் நான். அத்தான் இதை எங்கும் படித்ததில்லை. அவருடைய காலுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலைத்தான் நான் அடக்கினேன்.

பத்து நிமிடத்தில் அத்தான் வெளிறி, மாலையோடு சரிந்தார்.

"ஐயோ, வலிப்பு! கையில இரும்பு குடுங்க!" என்று அவருடைய பெரியம்மா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்.

"பொடியனுக்கு முந்தியே வலிப்பு வருத்தம் இருந்திருக்குகா. மறைச்சுப் போட்டாங்க," என்றது பின்வரிசையில் ஒரு குரல். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தாலி ஏறி ஒரு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது.

இரண்டு பேர் அத்தானைத் தூக்கிக் கதிரையில் நிமிர்த்தினார்கள். பாதி திறந்த கண் மறுபடி செருகியது.

"இருத்தாதீங்க! படுக்க வைங்க! காலைத் தூக்கினா ரெத்தம் நெஞ்சுக்குத் திரும்பிரும்! இது வருத்தமில்ல, வெறும் மயக்கம்!" (ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.) அவரைக் கிடத்தி, இரண்டு கால்களையும் என் தோளில் தூக்கிப் போட்டேன்.

இரத்தம் நெஞ்சுப் பக்கம் இறங்கியது. வேட்டியும் இறங்கியது. காத்தான்குடிக் கடையில் நானே தெரிந்தெடுத்த வழுக்கும் பட்டு. உள்ளே விளையாட்டுக் கழகத்தின் மஞ்சள் கட்டைக் களிசான், தொடையில் ஏழாம் இலக்கம். கனடாவிலிருந்த சொந்தமெல்லாம் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் கண் விழித்தார். என்னைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக, "இன்னும் கொஞ்ச நேரம் மயங்கிக் கிடந்திருப்பனே."

வலிப்புக் கதை அன்றோடு செத்தது. "ஏழாம் நம்பருக்கு ஒண்டுமில்லகா," என்று பெரியம்மாவே பந்தி பந்தியாகச் சொல்லித் திரிந்தார். ஆனால் தன்னை ஆடாமல் நிற்க வைத்தது யாரென்று அத்தான் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. களிசானைவிட அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

போன ஆவணியில் சின்னம்மாவின் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லாததால் நான்தான் தோழன். வாசலில் செம்போடு குனிந்தேன். முன்பின் பார்த்திராத மாப்பிள்ளை, இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கழுவினாப் போதும், மச்சான்."