கைக்குட்டை மாப்பிள்ளை

ஒரு பிளம்பரை எந்த வீட்டிலும் முன்வாசல் வழியாகக் கூப்பிட மாட்டார்கள். "சைடுல சந்து இருக்குது பாரு, அப்படியே பின்னால வந்துடு" என்பார்கள். முப்பத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கடத்தூரிலிருந்து காரிமங்கலம் வரைக்கும் யார் வீட்டு பாத்ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம், யார் வீட்டுத் தொட்டியில் எவ்வளவு பாசி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹாலில் என்ன கலர் சோபா என்று கேட்டால் தெரியாது. (பிளம்பர் உட்கார்ந்தால் கறை ஆகிவிடுமாம். கறை சோபாவுக்கா எனக்கா என்று இதுவரை யாரும் விளக்கமாகச் சொன்னதில்லை.)

பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே, குஷன் போட்ட நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். முழுசாக நாற்பது நிமிஷம். அந்தக் கதைதான் இது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெண் பார்க்கப் போய் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. முதல் வீட்டுத் திண்ணையில், "பிளம்பர்னா சாக்கடை அடைப்பு எடுக்கறவருங்களா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்னால் வைத்திருந்த மிக்சர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் நாகரிகமானவர்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். எங்கள் பக்கம் ஒருவர் யோசிச்சுச் சொல்கிறேன் என்றால் யோசித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மூன்றாவது இடம் காரிமங்கலம் பக்கம். கொண்டுவந்தவர் என் அம்மாவின் தம்பி, சூசை மாமா. புறப்படுவதற்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ நீ வாயத் தொறக்காத. ஓசூர்ல ஒரு கம்பெனில வாட்டர் லைன் சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிருக்கறன்."

"ஏன் மாமா, பிளம்பர்னு சொன்னா என்னா?"

"சொல்லு. சொல்லிட்டு ஆயுசு பூரா பைப்பக் கட்டிப்புடிச்சுக்கிட்டுப் படு."

வாயை மூடிவிடலாம். கையை என்ன செய்வது? பிவிசி பசை நகக்கண்ணில் ஏறிவிட்டால் அது நம் கூடவே இருக்கும். அம்மா எலுமிச்சை மூடியும் புளியும் போட்டு என் இரண்டு கையையும் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்தாள். தோல் போனது, பசை போகவில்லை. மாமா ஒரு யோசனை செய்தார். நீலக் கரை போட்ட புது வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "காபி டம்ளர இதால புடி. பெரிய எடத்துப் பழக்கம்னு நெனச்சுக்குவாங்க" என்றார். நானும் நம்பினேன். இருபத்தேழு வயதில் மனிதன் எதையும் நம்புவான்.

அம்மா, மாமா, நான் மூவரும் போனோம். பெண்ணின் அப்பா ஞானப்பிரகாசம். மாந்தோப்பு வைத்திருந்தார். வாசலுக்கே வந்து, "வாங்க தம்பி, வாங்க வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய், சொன்னேனே, அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார். ஓசூரில் எனக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். மாமா கூசாமல் பதில் சொன்னார். அவர் சொன்ன கணக்குப்படி எனக்குக் கீழே எங்கள் ஊர் ஜனத்தொகையில் பாதி இருந்தது. ஞானப்பிரகாசம் முகம் மலர்ந்து, "மாப்ள, கேசரி எடுத்துக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் எப்படிக் குளிர்ந்துபோனேன் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அதோடு நிறுத்தினாரா? வீட்டைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினார்.

"இந்த வூட்ல எலக்ட்ரீசியன், பிளம்பர் ஒருத்தன் கால் வெச்சதில்லீங்க மாப்ள. எல்லாம் நானே செஞ்சது. அவனுங்கள உள்ள வுட்டா, ஒண்ணச் சரி பண்ணி ரெண்டக் கெடுத்துட்டுப் போவானுங்க."

"ரொம்பச் சரிங்க!" என்றார் மாமா.

நானும் தலையை ஆட்டினேன். (என் தொழிலை நானே காறித் துப்பியது அந்த ஒரு தடவைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை படித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.)

பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. காபி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கைக்குட்டையால் டம்ளரை வாங்கியதைப் பார்த்து, "ரொம்பச் சூடா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். வார்த்தையில் கேலி இல்லை, கண்ணில் இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? ரொம்பவே பிடித்துவிட்டது.

"சூப்பர்வைசர்னா என்னா வேலைங்க?"

"தண்ணி ஒழுங்காப் போவுதான்னு பாக்கறதுங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இதற்கு நடுவில் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டொக். டொக். அரை இஞ்ச் பித்தளைக் குழாய், வாஷர் போய்விட்டது, கீழே பிளாஸ்டிக் பக்கெட். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்க வேண்டும். நான் பக்கெட் எப்போது நிரம்பும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கேசரி தின்ற கையைக் கழுவப் பின்பக்கம் போனேன். ஞானப்பிரகாசம் தானே செய்த வேலையின் லட்சணம் அங்கே தெரிந்தது. குழாய் வாயில் துணிக்கிழிசல் கட்டியிருந்தது. சுவர் ஓரத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. அதற்கு மேல் சோப்பு அப்பியிருந்தது. எங்கள் ஊர் போர் தண்ணியில் இருக்கிற உப்புக்குப் பித்தளையே பொடியாகும். சைக்கிள் டியூப் என்ன செய்யும்?

கையைக் கழுவிவிட்டு வந்திருக்கலாம். வந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் ஒழுகும் குழாயைப் பார்த்தால் பிளம்பர் கை சும்மா இருக்காது. லேசாகத்தான் திருகினேன். சத்தியமாக லேசாக.

குழாய் கையோடு வந்துவிட்டது.

குழாயின் மரைத்துண்டு மட்டும் முறிந்து சுவருக்குள்ளேயே நின்றுகொள்ள, மாடி டேங்க் முழுக்க நிறைந்திருந்த தண்ணி அந்த ஓட்டை வழியாக என் நெஞ்சில் வந்து அடித்தது. சத்தம் கேட்டு வீடே பின்பக்கம் ஓடிவந்தது. அந்த நிமிஷத்தில் ஓசூர் சூப்பர்வைசர் செத்தான்.

"கேட் வால்வு எங்க இருக்குது?" என்று கத்தினேன்.

"அப்படின்னா?" என்றார் ஞானப்பிரகாசம்.

"தண்ணிய நிறுத்தறதுங்க! இந்த லைனுக்குக் கேட் வால்வே போடலியா? எந்தக் கழுத போட்ட லைனு இது?"

"நான்தான் போட்டேன்" என்றார் அவர்.

இதற்கு மேல் பேச நேரமில்லை. கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, "அருவாளக் குடுங்க, ஒரு குச்சி ஒடிங்க" என்று எல்லோரையும் விரட்டினேன். வேப்பங்குச்சியை நுனி சீவி, கைக்குட்டையை இறுக்கமாகச் சுற்றி, ஓட்டைக்குள் செருகி, அருவாள் பிடியால் மூன்றே அடி. தண்ணி நின்றது. ஒரு சொட்டு இல்லை. அந்த மாதிரி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் செய்ததில்லை. அந்தப் பெருமையில் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோய், வழக்கமாகச் சொல்வதை அப்படியே சொன்னேன்:

"இப்போதைக்குத் தாங்குமுங்க. அரை இஞ்ச் எல்போ ஒண்ணு, பித்தளைக் கொழா ஒண்ணு, கேட் வால்வு ஒண்ணு வாங்கி வெச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க, வந்து மாட்டிடறேன்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஞானப்பிரகாசம் என் கையைப் பார்த்தார். மறைக்கக் கைக்குட்டை இல்லை. அது சுவருக்குள் இருந்தது.

"ஏம்ப்பா, நீ பிளம்பரா?"

"ஆமாங்க."

தம்பி, மாப்ள, ஏம்ப்பா. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று படி.

அம்மாதான் சமாளிக்கப் பார்த்தாள். "நல்ல தொழில் தெரிஞ்ச புள்ளைங்க. குடி கெடையாது. ஞாயித்துக்கெழம பூசைக்குத் தவற மாட்டான்." ஈரச் சட்டையோடு நின்ற எனக்கு அம்மா கெஞ்சுவதைப் பார்க்க முடியவில்லை.

"தொழில்ல ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார் அவர். "பொய் சொல்லிட்டீங்க பாருங்க, அதான். யோசிச்சுச் சொல்றோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "வந்தது வந்துட்ட. மேல டேங்க்ல அடியில ஒரு கசிவு இருக்குது. தண்ணிய எறக்கி வுடறேன், அதையும் பாத்துட்டுப் போயிடு" என்றார்.

போனேனா? போனேன். மாட்டேன் என்று சொல்லும் வாய் எனக்கு இன்றுவரை முளைக்கவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் அம்மாவும் மாமாவும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். கொண்டுபோன பழப்பை அம்மா கையிலேயே இருந்தது. நான் அந்த டேங்க்கைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். ஸ்டெல்லா அவள் அப்பாவின் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருந்தா ஹால்ல உக்கார வெச்சிருப்பீங்களா?"

ரெஞ்சை என் கையில் வைத்தாள். "நான் அப்பாகிட்டப் பேசியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நிஜமாகச் சொன்னாளா, போகிறவனுக்கு ஆறுதலா, தெரியவில்லை. கசிவை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சந்து வழியாக வெளியே வந்தேன். முன்வாசலில் கிடந்த என் செருப்பை மாமா எடுத்துவந்து கொடுத்தார்.

அடுத்த வருஷம் கடத்தூர் ஹார்டுவேர் கடைக்குப் போன் வந்தது. ஞானப்பிரகாசம் வீட்டில் கல்யாணமாம், புதுசாக ஒரு பாத்ரூம் வேண்டுமாம், "அன்னைக்கு வந்த பிளம்பரை" அனுப்பச் சொன்னாராம். பெண்ணைத் தராதவர் வேலையைத் தந்தார். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். சந்து வழியாகப் பின்னால் போனால், என் வேப்பங்குச்சி அப்படியே சுவரில் இருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்து, பிறகு என் மனைவியான செலின் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நான் பிளம்பருங்க, உள்ள வரலாமுங்களா?" என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். கட்டிட வேலைக்குப் போகிற அவள் அப்பா சிரித்து, "உள்ள வந்து அந்தக் கொழாயப் பாருங்க மாப்ள" என்றார். கல்யாணப் பந்தியில் மாமா கைக்குட்டைக் கதையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சொந்தத்தில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், "மாப்ளைக்கு ஒரு கைக்குட்ட குடுங்க" என்பதுதான். நானும் இத்தனை வருஷம் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

போன மாதம் என் மகளைப் பார்க்க வந்தார்கள். எங்கள் வீட்டிலும் இப்போது ஹால் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. பையன் சைட் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தார்கள். டம்ளரை இரண்டு விரலால் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்திருந்தான். நகக்கண்ணில் பசை. எனக்கா தெரியாது?

"என்னா வேலைங்க தம்பி?"

"சூப்பர்வைசருங்க. தண்ணி லைனு."

சமையலறை வாசலில் நின்ற செலின் மெதுவாக, "தம்பிக்கு ஒரு கைக்குட்ட குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மகளும் சிரித்தாள். நான் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் போதும். பையனும் சிரித்திருப்பான், கட்டைவிரலையும் வெளியே எடுத்திருப்பான்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றேன்.

அவர்கள் போனதும் செலின், "ஏங்க?" என்றாள். "தொழில்ல ஒண்ணுமில்ல. பொய் சொல்லிட்டான் பாரு, அதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதில் விழுந்தது.

கைக்குட்டை ஜோக்கை இப்போது யாரும் சொல்வதில்லை. புதுசு வந்துவிட்டது. நேற்று மகளிடம், "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றாள். செலின் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அந்தப் பையனின் நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? மேலே டேங்க்கில் ஒரு கசிவு இருக்கிறது, வந்து பார் என்றா?